தெற்கே போகாத சுற்றுலா பஸ்

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பள்ளி, கல்லூரிச் சுற்றுலா பஸ்கள் பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகும். நெடுஞ்சாலையில் ஏறிச் சென்னையைத் தாண்டினால் வண்டலூர், மாமல்லபுரம், நேரமிருந்தால் ஒரு நீர் விளையாட்டுப் பூங்கா. வசூல் கொஞ்சம் கூடினால் ஊட்டி. "சொந்த மாவட்டத்தையே ஒரு நாள் சுற்றிக் காட்டப் போகிறேன்" என்று ஒரு ஐ.டி.ஐ. பயிற்றுநர் சொன்னபோது உடன் வேலை செய்கிறவர்கள் சிரித்தார்களாம். "இங்க இன்னா சார் இருக்கு? கம்பெனியும் லாரியும்தான்."

அவர் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கை எடுத்துக்கொண்டு கல்வெட்டு, இடிந்த கோட்டை, ஏரிமதகு என்று அலைகிறவர். பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை அவருடைய பஸ்ஸில் எனக்கும் ஓர் இடம் கொடுத்தார். ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் பிரிவுப் பிள்ளைகளோடு பஸ் நிறைந்திருந்தது. பாதிப் பேர் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவர்கள். எல்லையோரத்தில் அது சகஜம். உருக்காலை வேலைக்குப் பீகாரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒருவரின் மகன் கடைசி சீட்டில் இருந்தான். தமிழ் வழியில் படித்தவன், எல்லோரையும்விட வேகமாக வடசென்னைத் தமிழ் பேசினான். முன் சீட்டில், ஊரை ஒட்டியுள்ள இலங்கைத் தமிழர் முகாமிலேயே பிறந்து வளர்ந்த பெண்.

முதல் கால்மணி நேரம் வழிகாட்டிகள் மாணவர்களே. சிப்காட் வளாகத்துக்குள் பஸ் மெல்லப் போனது. எந்தக் கொட்டகையில் உலை இருக்கிறது, எதில் ரோலிங் மில் ஓடுகிறது என்று வெளியிலிருந்தே சொன்னார்கள். நாடெங்கிலுமிருந்து வரும் பழைய இரும்பை மின் உலையில் உருக்கி, பில்லட்டாக வார்த்து, அதை மறுபடி காய்ச்சி உருளைகளுக்கிடையே ஓட்டி, கட்டடக் கம்பியாக இழுத்துவிடும் ஆலைகள் இங்கே வரிசையாக இருக்கின்றன. சென்னையில் எழும்பும் அடுக்குமாடிகளுக்குள் சிமெண்டுக்கு அடியில் மறைந்திருப்பதில் ஒரு பங்கு இங்கிருந்து போனது. ஷிப்ட் மாறும் நேரம். டீக்கடைப் பலகைகளில் தமிழோடு இந்தியும் இருந்தது. ஒரு கடையில் போஜ்பூரிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மரங்களின் இலைமேல் கறுப்புத் தூள். அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது பிள்ளைகள் சட்டென்று அமைதியானார்கள். அப்பாவோ அண்ணனோ அங்கேதான் வேலை.

கவரைப்பேட்டையில் மேற்கே திரும்பினோம். சத்தியவேடு சாலையில் தேர்வாய்க் கண்டிகை. மேய்ச்சலுக்கும் சுள்ளிக்கும் நம்பியிருந்த காட்டை விடமாட்டோம் என்று கிராமத்து மக்கள் போராடிய இடத்தில்தான் இப்போது இன்னொரு சிப்காட் இருக்கிறது. மிஷலின் டயர் ஆலை அதற்குள். பிள்ளைகள் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தார்கள். அப்ரெண்டிஸ் வேலை அங்கே கிடைத்தால் போதும் என்பது அவர்களில் பலரின் கனவு. காடு போனதை வருத்தத்தோடு நினைக்க என்னால் முடிகிறது. வேலை தேடும் பத்தொன்பது வயதுக்காரனிடம் அதே வருத்தத்தை எதிர்பார்ப்பது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே, 2020இல் திறந்த கண்ணன்கோட்டை நீர்த்தேக்கம். 500 மில்லியன் கன அடி கொள்ளும். சென்னைக்குக் குடிநீர் தர என்று கட்டியது.

ஊத்துக்கோட்டைக்கு அருகே ஆந்திர எல்லையில் ஒரு கால்வாய்க்கரையில் பஸ் நின்றது. 'ஜீரோ பாயிண்ட்' என்று எல்லோரும் சொல்லும் இடம். கண்டலேறு அணையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் வந்த கிருஷ்ணா தண்ணீர் இங்கே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் ஆட்சியில் இருந்தபோது ஏற்பட்ட ஒப்பந்தம். ஆண்டுக்கு 12 டி.எம்.சி. தண்ணீர் தருவதாகப் பேச்சு. முதல் தண்ணீர் பூண்டிக்கு வந்து சேர 1996 ஆயிற்று. எழுதிய அளவு முழுசாக வந்த ஆண்டு அபூர்வம். அன்றைக்குக் கால்வாயில் இடுப்பளவு ஓடியது. "இந்தத் தண்ணி எங்க சார் போவுது?" என்று ஒருவன் கேட்டான். பூண்டி, அங்கிருந்து புழல், செம்பரம்பாக்கம், பிறகு சென்னைக் குழாய்கள் என்று பயிற்றுநர் வரிசையாகச் சொன்னார். "நம்ம ஊருக்கு?" அவர் பதில் சொல்லாமல் விசில் ஊதி எல்லோரையும் பஸ்ஸில் ஏறச் சொன்னார்.

பூண்டியில் முதலில் அணைக்குப் போகாமல் அருங்காட்சியகத்துக்குப் போனது நல்ல யோசனை. மாநிலத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம். சின்னக் கட்டடம், கண்ணாடிப் பெட்டிகள், பெயர்ச்சீட்டுகள். சாதாரணமாக இப்படிப்பட்ட இடத்தில் மாணவர் கூட்டம் ஒரு வாசல் வழியாக நுழைந்து மறு வாசல் வழியாகப் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். இங்கே அப்படி ஆகவில்லை. ஒரு பெட்டியில் கைக்கோடாரிகள் இருந்தன. உள்ளங்கையளவு, பாதாம் பருப்பு வடிவில், இரண்டு பக்கமும் செதுக்கிய குவார்ட்சைட் கற்கள். ஃபிட்டர் பையன்கள் அதைச் சுற்றிக் குனிந்து நின்றுவிட்டார்கள்.

"ரெண்டு சைடும் ஒரே அளவுக்கு எடுத்துருக்கான் பாரு."

"மார்க்கிங் எப்படி போட்டுருப்பான்?"

"கண்ணுதான் மார்க்கிங்."

"இதுல ஒரு தட்டு தப்பாப் போனா ஜாப் காலி. ஃபைல் போட்டுச் சரி பண்ண முடியாது."

ஐ.டி.ஐ.யில் முதல் ஆண்டு முழுக்க ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்கப் பழகியவர்கள் அவர்கள். கல்லில் உள்ள ஒவ்வொரு சில்லுத் தழும்பும் ஒரு அடி என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எந்த அடி முதலில், எது பிறகு, எங்கே திருப்பிப் பிடித்தான் என்று விரலால் காற்றில் காட்டிக்கொண்டார்கள். தொல்லியல் படித்த பலருக்கு விளக்கப்படம் போட்டுப் புரியவைக்க வேண்டிய விஷயம் இது. பழகின கை அரை மணிக்குள் ஒன்றைச் செய்துவிடும் என்று இன்று கல் உடைத்துச் சோதிக்கும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள் என்றேன். "அப்ப பீஸ் ரேட்டுல நல்ல காசு" என்றான் பீகார்க்காரப் பையன்.

அந்தக் கற்கள் கிடைத்த அதிரம்பாக்கம் பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். 1863ஆம் ஆண்டு மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு செதுக்கிய கல்லைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு முதல் சான்று அதுதான். அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கத்துக்கு வந்தார்கள். கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் செதுக்கிய கற்கள் குவியலாகக் கிடந்தன. ஃபூட் திரட்டியவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பிறகு 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே பல ஆண்டு தோண்டினார்கள். 2011இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் கைக்கோடாரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்றார்கள். நம் மனித இனம் தோன்றியே மூன்று லட்சம் ஆண்டு சொச்சம்தான் என்கிறார்கள். செய்தவர்கள் நாமல்ல, நமக்கு முந்திய வேறொரு மனித இனம் என்று சொன்னபோது பயிற்றுநரின் குரலில் பெருமை தெரிந்தது. ஏதோ தன் பழைய மாணவர்களைப் பற்றிச் சொல்வது போல.

கல்லுக்கு அவர்கள் அலையவும் வேண்டியிருக்கவில்லை. அல்லிக்குழி மலைப்பக்கமிருந்து குவார்ட்சைட் கூழாங்கற்கள் இந்தச் சமவெளிக்கு உருண்டு வந்து கிடந்தன. மூலப்பொருள் கைக்கு எட்டும் தூரத்தில், பக்கத்தில் ஆறு, மேய வரும் விலங்குகள். அகழாய்வில் குதிரை, எருமை, நீலான் வகை விலங்குகளின் பற்கள் கிடைத்தன. விலங்குகளின் காலடித் தடங்களும் களிமண்ணில் பதிந்திருந்தன. "தண்ணி, மெட்டீரியல், ரோடு. சிப்காட்டுக்கும் அதையே பார்த்துத்தானே இடம் புடிக்கிறான்" என்றாள் வெல்டர் பிரிவுப் பெண் ஒருத்தி. அதிரம்பாக்கத்துக்கே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். போனால் வெறும் வயல்வெளியும் செம்மண் ஓடையும்தான், நேரமும் இல்லை. அருகிலுள்ள கூடியம் குகைக்குப் போகவும் காட்டுக்குள் வெகுதூரம் நடக்க வேண்டும், வனத்துறை அனுமதி வேண்டும். அதுவும் இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போயிற்று.

அணைக்கரையில் காற்று அடித்தது. 16 மதகுகள், 35 அடி உயரம், 3,231 மில்லியன் கன அடி. 1939இல் சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தி விடாப்பிடியாக நின்றதால் தொடங்கியது இந்தத் திட்டம். 1940இல் வேலை ஆரம்பித்தது. 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் சிறைக்குப் போன சத்தியமூர்த்தி 1943 மார்ச்சில் காலமானார். அணை 1944இல் திறக்கப்பட்டபோது பார்க்க அவர் இல்லை. பிற்காலத்தில் ஏரிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

நீரில் மூழ்கிய ஊர்களில் திருவெண்பாக்கமும் ஒன்று. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பார்வையிழந்த சுந்தரருக்கு ஊன்றுகோல் கிடைத்த தலம் என்று சைவர்கள் கொண்டாடும் ஊர் அது. கோயிலைப் பெயர்த்துக் கொண்டுவந்து மேட்டில் மறுபடி கட்டினார்கள்; ஊன்றீசுவரர் இப்போது பூண்டியில் ஏரியைப் பார்த்தபடி இருக்கிறார். கண் தெரியாதவனுக்குக் கோல் கொடுத்த சாமியே நகரத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று இடம்பெயர நேர்ந்தது. சாமிக்கு மாற்றிடம் கிடைத்தது. நிலம் போன குடிகளின் கதையைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. பக்கத்திலேயே நீரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. ஆறு, அணை, மதகு இவற்றின் சின்ன உருவங்களைக் கட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சோதித்துப் பார்க்கும் இடம். முன்னனுமதி வாங்காததால் வேலிக்கு வெளியிலிருந்தே எட்டிப் பார்த்தோம்.

திருவள்ளூரில் அதிக நேரம் இல்லை. அமாவாசையாக இருந்திருந்தால் வீரராகவர் கோயில் தெருவில் பஸ்ஸே நுழைந்திருக்காது. சாலிஹோத்திர முனிவரின் தலைமேல் கைவைத்துப் பள்ளிகொண்டிருக்கும் பெருமாள். நோய் தீர்க்கிறவர் என்று பெயர். வேண்டிக்கொண்டவர்கள் குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள், உப்பும் மிளகும் சேர்க்கிறார்கள். பிள்ளைகளில் பலர் அம்மாவோடு வந்து ஏற்கெனவே வெல்லம் கரைத்தவர்கள். அதனால் கோயிலைவிட வெளியே விற்ற கரும்புச் சாற்றில்தான் கவனம் இருந்தது. கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தைக் குளக்கரை நிழலில் தின்றுவிட்டுக் கிளம்பினோம். பெரியபாளையம், பொன்னேரி வழியாகக் கிழக்கே ஓடி, பழவேற்காட்டை எட்டியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

மாவட்டத்தின் உள்பகுதியிலிருந்து கிழக்குக் கோடிக்கு வந்துவிட்டோம். எதிரே ஏரி. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்கு நுனி நமக்கு. தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன, வெள்ளைக்கோடு போட்டாற்போல. படகில் போகலாம் என்று ஆசைப்பட்டவர்களுக்கு ஏமாற்றம். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப்பின் உல்லாசப் படகுப் பயணத்துக்குத் தடை. அந்த விபத்து நடந்தபோது இந்தப் பிள்ளைகள் பால்வாடி வயது.

டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் செதுக்கப்பட்டு நிற்கின்றன; ஒன்றின் தலையில் மணற்கடிகாரம். செல்ஃபி எடுக்க இதைவிட நல்ல இடம் அன்று முழுக்கக் கிடைக்கவில்லை. உள்ளே 76 கல்லறைகள். கூம்புகள், மண்டபங்கள், குடும்பச் சின்னம் பொறித்த பெரிய கற்பலகைகள். எழுத்துகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. செதுக்கியவன் கைத்திறனை வெல்டர்களும் ஃபிட்டர்களும் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

டச்சுக்காரர்கள் விஜயநகர அரசனின் அனுமதியோடு இங்கே வியாபாரம் தொடங்கி 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். முதல் இயக்குநரின் சொந்த மாகாணத்தின் பெயர் அது. சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். 1690இல்தான் நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இங்கே வெடிமருந்து ஆலை இருந்தது, நாணயம் அடித்தார்கள். பழவேற்காட்டைச் சுற்றியிருந்த ஊர்களில் நெய்து சாயமேற்றிய துணிதான் அவர்களுக்கு உண்மையான காசு. இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வெள்ளியைவிட இந்தத் துணி நன்றாகச் செல்லுபடியானது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அகழியின் தடம் மட்டும் தெரிகிறது.

பீகார்க்காரப் பையன் ஒரு கல்லறையில் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "சார், முப்பதுகூட ஆகல. இவனுங்க வேலைக்கு வந்து செத்துப்போனவனுங்களா?"

ஆமாம் என்றார் பயிற்றுநர். காய்ச்சல், பேதி, போர். கம்பெனி வேலைக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கப்பல் ஏறியவர்களில் ஊர் திரும்பாதவர்கள் ஏராளம்.

"பாடிய ஊருக்கு அனுப்ப மாட்டானுங்களா?"

அவன் கேட்டது எதனால் என்று எல்லோருக்கும் தெரியும். சிப்காட்டில் விபத்து நடந்தால் முதலில் எழும் கேள்வி அதுதான்.

கல்லறை கட்டும் அளவுக்கு வசதி இருந்தவர்களின் பெயர்கள்தான் இங்கே இருக்கின்றன. கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் இந்தக் கரையில் மனிதர்கள் மலிந்தார்கள். ஆயிரக்கணக்கானோரை டச்சுக் கம்பெனி அடிமைகளாக வாங்கிப் பழவேற்காட்டிலிருந்து பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பியது. இதைப் பயிற்றுநர் மரத்தடியில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். முகாமிலிருந்து வந்த பெண், "யாராவது திரும்பி வந்தாங்களா சார்?" என்று கேட்டாள். அவளுடைய பாட்டி 1990இல் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர் என்று பஸ்ஸில் சொல்லியிருந்தாள். "வந்ததா நான் எங்கயும் படிச்சதில்லம்மா" என்றார் அவர்.

இந்தக் கரையிலிருந்து போனவர்கள் எங்கெல்லாம் தங்கிவிட்டார்கள் என்று தொடர்ந்து பேசினோம். 1762இல் சென்னையிலிருந்து கப்பலேறிய ஆங்கிலேயப் படை மணிலாவைப் பிடித்து, 1764 வரை வைத்திருந்தது. அதில் போன சிப்பாய்களில் சிலர் திரும்பி வரவில்லை. மணிலாவை அடுத்த கைந்தா என்ற ஊரில் மணம் முடித்து நிலைத்தார்கள். இன்று கைந்தாவில் தெருவில் எதிர்ப்படும் ஒரு முகத்தின் முன்னோர்களில் ஒருவர் இந்தப் பக்கத்து ஆளாக இருக்கலாம். "அப்ப நமக்கு அங்க சொந்தக்காரங்க இருக்காங்க" என்றான் ஒருவன். விசா செலவைப் பற்றி உடனே வேறொருவன் விசாரித்தான்.

கடைத்தெருவில் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடைந்த பெட்டிகள் விற்பனைக்கு இருந்தன. முன்னோர் அரபு நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லும் மரைக்காயர் குடும்பங்கள் இங்கே உண்டு. அரபு எழுத்தில் தமிழை எழுதிய ஏடுகள் சிலரிடம் இருந்ததாகவும் சொல்வார்கள். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலின் செம்பாறைக் கல்லில் விரலளவு ராமாயணக் காட்சிகளைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு போட்டியாகவே மாறி, அரைமணி நேரத்தைத் தின்றுவிட்டது.

மீன் இறங்குமிடத்தில் நண்டு விலை கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரோடு பிள்ளைகள் பேச்சுக் கொடுத்தார்கள். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதற்கு இங்கே 'பாடு' என்ற முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்து, சீட்டுக் குலுக்கி, இன்று உனக்கு நாளை எனக்கு என்று இறால் பிடிக்கும் இடங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அரசாங்கம் எழுதிக்கொடுத்த சட்டமல்ல; தலைமுறைகளாக அவர்களே நடத்திவருவது. அதை எல்லோரும் கொண்டாடுவதில்லை. பாடு முறைக்குள் பிறக்காத மீனவர்களுக்கு அதில் சேர வழியில்லை என்ற சண்டையும் பழசுதான். முகத்துவாரம் மணல் மூடினால் கடல்நீர் உள்ளே வராது, இறால் வராது, அப்போது பாடு இருந்தும் பயனில்லை என்றார் பெரியவர். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை இந்த ஊர்க்காரர்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்பதையும் அவரே சொன்னார். எலெக்ட்ரீஷியன் பையன் ஒருவன், "எங்க கம்பெனிலயும் ஓவர்டைமுக்கு இப்படிக் குலுக்கிப் போட்டா நல்லாருக்கும்" என்றான்.

ஏரிக்கு அப்பால் தெரிந்த நிலக்கோடு ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் பக்கம். ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போக வேண்டாம் என்று இங்கே மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். 2019 முதல் பொதுமக்களும் அங்கே போய் உட்கார்ந்து பார்க்க மாடம் கட்டியிருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து சூளூர்பேட்டைக்கு லோக்கல் ரயிலிலேயே போகலாம். பஸ் பொன்னேரியைத் தாண்டுவதற்குள் அடுத்த பயணம் முடிவாகிவிட்டது. பயிற்றுநர் ஒரு நோட்டைப் பின்பக்கமாக அனுப்பினார். இணையத்தில் பதிவு செய்ய அடையாள அட்டை எண் வேண்டும், பெயரை அட்டையில் உள்ளபடி எழுதுங்கள் என்றார். நோட்டு கடைசி சீட்டுக்குப் போனபோது, பீகார் முகவரி இருந்தால் பரவாயில்லையா சார் என்று ஒரு குரல் கேட்டது. பரவாயில்லை, தெளிவா எழுது என்றார்.